சாதாளை விட்ட காற்று

பூவரசந்துறை என்பது கிண்ணியாவில், உள்கடலைப் பார்த்தபடி கிடக்கும் சின்னக் குடியிருப்பு. அங்கே நஜ்முன் நிஸாவைப் பற்றிக் கேட்டால் ஆண்கள் முதலில் சிரிப்பார்கள். பிறகு, அவளோடு கதைத்து வெல்ல ஏலாது என்பார்கள். பெண்கள் சிரிப்பதில்லை. தண்ணீரில் நின்ற அந்த நாளைத்தான் சொல்லத் தொடங்குவார்கள்.

அவள் பிறந்தது மூதூரில். வாப்பா சைக்கிள் திருத்தும் கடை வைத்திருந்தார். நான்கு பெண்பிள்ளைகளில் இவள் மூன்றாவது. உயர்தர வகுப்பில் உயிரியல் எடுக்கப் போகிறாள் என்று கேள்விப்பட்ட மாமா ஒருவர் வீட்டுக்கு வந்து, பெண்பிள்ளைக்கு இவ்வளவு படிப்பு என்னத்துக்கு என்று கேட்டார். நீங்கள் ஏன் படிக்கவில்லை என்று அவள் திருப்பிக் கேட்டாள். மாமா தேத்தண்ணியைக் குடிக்காமலே எழும்பிப் போனார். உம்மா அன்று முழுக்க அவளோடு முகங்கொடுத்துக் கதைக்கவில்லை. ஆனால் அடுத்த கிழமை பாடசாலைக்குப் போய் உயிரியல் வகுப்பில் பெயரைக் கொடுத்துவிட்டு வந்ததும் அதே உம்மாதான்.

அவள் பரீட்சைக்கு இருக்கவேண்டிய வருடம் சண்டை ஊருக்குள் வந்துவிட்டது. மூதூர் சனம் கையில் அகப்பட்டதைத் தூக்கிக்கொண்டு கந்தளாய்ப் பக்கம் நடந்தது. புத்தகங்கள் வீட்டிலேயே கிடந்தன. அகதி முகாமில், யாரோ கொடுத்த கிழிந்த பாடப்புத்தகங்களை வைத்துக்கொண்டு படித்து, அடுத்த வருடம் பரீட்சை எழுதினாள். மூன்று பாடத்திலும் சித்தியடைந்தாள். பல்கலைக்கழகத்துக்குப் போவதற்கான வெட்டுப்புள்ளிக்குப் புள்ளி போதாமல் போனது. திரும்ப எழுதலாம் என்றாள். வாப்பாவின் கடை எரிந்து போயிருந்தது. திரும்ப எழுத வைக்கிற நிலையில் வீட்டில் யாரும் இருக்கவில்லை.

கிண்ணியாவில் குடியேறிய பிறகு நௌபரைக் கலியாணம் முடித்தாள். நௌபர் மேசன் வேலை செய்தவன், அதிகம் வாய் திறக்காதவன். ஒருநாள் பாலையூற்றில் ஒரு மாடிவீட்டு வேலையில் சாரம் சரிந்து விழுந்து முதுகில் அடிபட்டுப் படுத்துவிட்டான். அவன் எழும்பி ஓட்டோ ஓட்டத் தொடங்கும் வரைக்கும் வீட்டு அடுப்பை எரித்தது மட்டிச் சிப்பிதான். ஆலங்கேணியில் இருந்து வந்து மட்டி பொறுக்கும் இராசமலரோடு கூடிக்கொண்டு அவள் கடலில் இறங்கினாள். படித்த பிள்ளை முழங்காலளவு சேற்றில் நிற்பதா என்று சொந்தக்காரர்கள் குறைப்பட்டார்கள். சேற்றில் நிற்பது வெட்கம் என்றால் சோற்றில் கை வைப்பதும் வெட்கம்தான் என்று சொல்லிவிட்டு அவள் போய்க்கொண்டிருந்தாள். நௌபர் எழும்பிய பிறகும் அவள் அந்தத் தொழிலை விடவில்லை. அது அவளுக்குப் பிடித்துப்போயிருந்தது.

அந்த உள்கடலில் இடுப்பளவு தண்ணீருக்குக் கீழே பச்சைப் பாய் விரித்ததுபோலக் கடற்புல் வளர்ந்து கிடக்கும். கரையில் அதைச் சாதாளை என்பார்கள். மட்டி அதன் வேருக்குள்தான் இருக்கும். பெண்கள் இடுப்பில் கயிறு கட்டி ஒரு பிளாஸ்டிக் பேசனை மிதக்க விட்டுக்கொண்டு, காலால் தடவித் தடவி மட்டி எடுப்பார்கள். வெயில் ஏறிய நேரத்தில் சாதாளையில் இருந்து சின்னச் சின்னக் குமிழிகள் மேலே வரும். சில நாட்களில் தண்ணீர் கொதிக்கிறதுபோல இருக்கும். அதை எல்லாரும் பார்த்திருக்கிறார்கள். யாரும் அதைப்பற்றி ஒன்றும் நினைத்ததில்லை.

போன வருடம் கடும் வெயில் காலத்தில் ஒரு விடியற்காலை, கரையோரம் செத்த மீன்கள் ஒதுங்கின. ஏன் செத்தன என்று இன்றுவரைக்கும் யாருக்கும் சரியாகத் தெரியாது. அந்தக் கிழமையே வெளியூர்க்காரன் ஒருவன் மத்தியானம் வந்து, சாதாளைக்கு மேலே தண்ணீர் குமிழி விடுவதை வீடியோ எடுத்து, கிண்ணியாக் கடலில் விஷ வாயு என்று முகநூலில் போட்டுவிட்டான். பொழுதுபடுவதற்குள் ஊர் முழுக்கக் கைத்தொலைபேசியில் அதே கதை. மட்டி வாங்கும் லொறி அடுத்த நாள் வரவில்லை. கூப்பிட்டுக் கேட்டபோது, அந்தக் கடல் மட்டி இனி வேண்டாம், சனம் வாங்குதில்லை என்றார் லொறிக்காரர்.

மீனவர் சங்கத் தலைவர் ஜெமீல், நௌபரின் பெரியவாப்பா மகன்; அவர்களுக்குக் காக்கா, அதாவது அண்ணன் முறை. கெட்ட மனிதர் என்று சொல்ல முடியாது. நௌபர் விழுந்த நாளில் தன்னுடைய வேனில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவர் அவர்தான். ஆனால் அந்த வருடம் அவர் சுற்றுலாப் பயணிகளைக் கண்டல் காட்டுப் பக்கம் ஏற்றிப்போவதற்கென்று புதுப் படகுகள் இறக்கியிருந்தார். சாதாளை எஞ்சின் விசிறியில் சுற்றி அவரைப் பாடுபடுத்திக்கொண்டிருந்தது. சங்கக் கூட்டத்தில் அவர் விசிறியைப் பற்றிப் பேசவில்லை. சாதாளை அழுகி விஷக் காற்று விடுகிறது, மீன் செத்தது அதனால்தான், முழுவதையும் உழவு இயந்திரத்தால் வாரி அள்ளிவிட வேண்டும், அதுவரைக்கும் பெண்கள் தண்ணீரில் இறங்கக்கூடாது என்று பேசினார். எல்லாரும் கையை உயர்த்தினார்கள்.

செய்தி வீட்டுக்கு வந்தபோது நஜ்முன் நிஸா மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். கத்தியைக் கீழே வைத்துவிட்டு, அந்தக் குமிழி விஷமில்லை, அது நாம் மூச்சு எடுக்கிற நல்ல காற்று என்று நௌபரிடம் சொன்னாள். மூதூர்ப் பாடசாலை ஆய்வுகூடத்தில் குளத்துப் பாசியைப் புனலால் மூடி, புனலின் மேலே தண்ணீர் நிரப்பிய குழாயைக் கவிழ்த்து வைத்து, அதில் சேர்ந்த காற்றில் தணற்குச்சியைக் காட்டியிருக்கிறார்கள். குச்சி பக்கென்று பற்றியதைத் தன் கண்ணால் பார்த்திருக்கிறாள். அதையே கரையில் எல்லாருக்கும் செய்து காட்டப்போவதாகச் சொன்னாள். சோதனை பிழைத்துப் போனால் என்ன செய்வாய் என்று மட்டும் நௌபர் கேட்டான். பிழைக்காது என்றாள்.

பிழைத்துத்தான் போனது. அடுத்த நாள் வானம் மூடிக் கிடந்தது. காலையில் பெரிய தண்ணீர்ப் போத்தலை வெட்டிப் புனலாக்கிச் சாதாளைக்கு மேல் கவிழ்த்து, அதன்மேல் ஜாம் போத்தல் ஒன்றைத் தண்ணீர் நிரப்பித் தலைகீழாக வைத்தாள். பின்நேரம்வரை காத்திருந்தும் போத்தலில் காற்று சேரவில்லை. அஸர் தொழுகை முடிந்து ஆண்கள் கரைக்கு வரத் தொடங்கிவிட்டார்கள். அவசரத்தில் அவள் சாதாளையைக் காலால் உலுப்பினாள். அடியில் இருந்து குபுகுபுவென்று குமிழிகள் வந்தன. போத்தல் பாதிக்கு மேல் நிரம்பியது. மகிழ்ச்சியோடு அதை மூடிக் கரைக்குக் கொண்டுவந்து, தென்னை ஈர்க்கு ஒன்றைக் கொளுத்தி ஊதி, தணல் நுனியை உள்ளே விட்டாள். தணல் அணைந்தது. திரும்பவும் கொளுத்தி விட்டாள். திரும்பவும் அணைந்தது. போத்தலில் இருந்து கூழ்முட்டை நாற்றம் வந்தது.

ஜெமீல் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தார். "நெருப்பையே அணைக்கிற காத்து. இதுக்குள்ளயா நம்மட பொம்புளையள் நிக்கிற?"

யாரும் உரத்துச் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். இரக்கப்பட்டுப் பார்த்தார்கள். அன்றிரவே அந்தக் காட்சியும் கைத்தொலைபேசிகளில் ஓடியது. வதந்திக்கு அவளே சாட்சி கொடுத்த மாதிரி ஆகிவிட்டது. உழவு இயந்திரம் வருகிற நாளையும் சங்கம் குறித்துவிட்டது.

இரண்டு நாள் அவள் வெளியே வரவில்லை. மூன்றாம் நாள் இராசமலர் தேடி வந்தாள். அவளுடைய வீட்டிலும் அடுப்பு அரைவாசி நேரம் அணைந்துதான் கிடந்தது. இருவரும் கடற்கரைப் பூவரச மரத்தடியில் போய் இருந்தார்கள். வெயிலும் முகிலும் மாறி மாறி வந்த நாள் அது. தண்ணீர் வழக்கம்போலக் குமிழி விட்டுக்கொண்டிருந்தது. ஒரு பெரிய முகில் வந்தது. அதன் நிழல் கடலில் ஊர்ந்து போனது. நிழல் விழுந்த இடத்தில் கொஞ்ச நேரத்தில் குமிழிகள் குறைந்து நின்றுபோயின. நிழல் படாத இடத்தில் தண்ணீர் அதேபோலக் கொதித்தது. முகில் விலகியதும், நின்ற இடம் திரும்பவும் கொதிக்கத் தொடங்கியது.

நஜ்முன் நிஸா எழும்பி நின்றுவிட்டாள். இவ்வளவு காலமும் இந்தத் தண்ணீரில் நின்றும் அதைக் கவனிக்கவில்லையே என்று தன்மேலேயே அவளுக்குக் கோபம் வந்தது. கரையில் செய்து காட்டிய அன்று வெயில் இல்லை. அதனால் சாதாளை காற்று விடவில்லை. அவள் போத்தலில் பிடித்தது காலால் மிதித்துக் கிளப்பிய சேற்றுக் காற்று.

உயர்தர வகுப்பில் படித்த கதை ஒன்று அப்போதுதான் அவளுக்கு ஞாபகம் வந்தது. நௌபரின் கைத்தொலைபேசியில் தேடி வாசித்து, விட்டுப்போன இடங்களையும் நிரப்பிக்கொண்டு, அடுத்த நாள் இராசமலருக்குச் சொன்னாள். இங்கிலாந்தில் பிரீஸ்ட்லி என்று ஒரு பாதிரியார் இருந்தார். மூடிய கண்ணாடிக்குள் மெழுகுதிரி எரிந்து அணைந்த பிறகு, அந்தக் காற்றுக்குள் ஒரு புதினாக் கொப்பை வைத்தார். சில நாள் போனதும் அதே காற்றில் திரும்பவும் மெழுகுதிரி எரிந்தது. அதில் விட்ட எலியும் சாகவில்லை. கெட்டுப்போன காற்றைச் செடி திருத்துகிறது என்று உலகத்துக்குச் சொன்னார். ஆனால் மற்றவர்கள் செய்து பார்த்தபோது சில நேரம் சரிவந்தது, சில நேரம் செடி காற்றை இன்னும் கெடுத்தது. அவருக்கே திரும்பச் செய்தபோது குழப்பம். எதனால் என்று பிடிபடவில்லை. பிறகு ஒரு ஒல்லாந்து வைத்தியர், இங்கென்ஹவுஸ் என்று பெயர், ஒரு கோடை காலத்தில் லண்டனுக்குப் பக்கத்தில் வீடெடுத்துத் தங்கி, இலைகளைத் தண்ணீருக்குள் வைத்துக் கண்ணாடியைக் கவிழ்த்து, நூற்றுக்கணக்கான தடவை பார்த்தார். வெயில் பட்டால் குமிழி வருகிறது, நிழலில் நிற்கிறது. பச்சையான பாகம் மட்டுமே நல்ல காற்று விடுகிறது. சூடு காரணம் இல்லை, வெளிச்சம்தான் காரணம். பாதிரியாரின் கணக்கில் விடுபட்டது சூரியன்.

"எவ்வளவு காலத்துக்கு முன்னம் இது?" என்று இராசமலர் கேட்டாள்.

"இருநூத்தம்பது வருசம் இரிக்கும்."

"அந்தப் பாதிரியாருக்கும் ஆக்கள் உன்னைப் பாத்த மாதிரிப் பாத்திருப்பினம், என்ன?"

"பாத்திருப்பாங்க. அதுக்காக அவர் புதினாவத் தூக்கி எறியல்ல, மலரக்கா."

அதற்குப் பிறகு அவள் ஒளித்து மறைத்து ஒன்றும் செய்யவில்லை. சங்கம் தடை போட்ட கடலில் பட்டப்பகலில் இறங்கினாள். ஒரு புனலை வெயில் படவும், இன்னொன்றைப் பழைய கறுப்பு அபாயாத் துணியால் மூடியும் வைத்தாள். சாதாளையைத் தொடாமல், சேற்றைக் கலக்காமல், தூரத்தில் நின்றாள். வெயில் போத்தலில் காற்று சேர்ந்தது. மூடிய போத்தல் தண்ணீராகவே இருந்தது. வீட்டுக் குசினியில் ஈர்க்கை விட்டுப் பார்த்தாள். மங்கிக் கிடந்த தணல் பிரகாசமாகி, சின்னச் சுவாலை எழும்பியது. பக்கத்தில் நின்ற நௌபர் ஒரு அடி பின்னால் போனான். அவள் திரும்பத் திரும்பச் செய்தாள். காற்று குறைவாகச் சேர்ந்த ஒருநாள் தணல் சிவந்ததோடு நின்றுவிட்டது. சுவாலை வரவில்லை. எந்த நேரத்தில், எவ்வளவு நேரம் வைத்தால் நிச்சயமாகப் பற்றும் என்று பிடிபடும்வரைக்கும் விடவில்லை.

ஜெமீல் வீட்டுக்கு வந்து நௌபரிடம் சொல்லிப் பார்த்தார். பெண்சாதியை அடக்கி வை, நாளைக்கு ஏதும் நடந்தால் சங்கம் பொறுப்பில்லை என்றார். அவர் போன பிறகு நௌபர் அவளிடம் கெஞ்சினான். குடும்பத்துக்குள் பகை வேண்டாம், நாம் ஓட்டோவை வைத்துச் சமாளிப்போம் என்றான். அவனுடைய பயம் அவளுக்கு விளங்கியது. அந்த ஊரில் அவனுக்கு உதவி என்று வந்த மனிதர் ஜெமீல் ஒருவர்தான்.

"நீங்க வர வேணாம்," என்றாள். "என்னப் போகவேணாம் எண்டு மட்டும் செல்லாதீங்க. செல்லியும் நான் போனா, அதுதான் உங்களுக்கு வெக்கம்."

உழவு இயந்திரம் வந்த நாளில் நல்ல வெயில். பின்னால் இரும்புப் பல் வைத்த பெரிய வாரி கட்டியிருந்தது. அது கரைக்கு இறங்குவதற்கு முன்பே நஜ்முன் நிஸாவும் இராசமலரும் தண்ணீருக்குள் நின்றார்கள். பெண்கள் இன்னும் சிலர் தயங்கித் தயங்கி இறங்கினார்கள். கிண்ணியாப் பெண்களும் ஆலங்கேணிப் பெண்களும் சாதாளைக்குக் குறுக்கே ஒரு வரிசையாக நின்றார்கள். அவர்களுக்கு முன்னால் மூன்று போத்தல்கள் தலைகீழாக நின்றன. சாரதி எஞ்சினை நிறுத்திவிட்டு ஜெமீலைப் பார்த்தார்.

ஜெமீல் தண்ணீர் விளிம்புவரைக்கும் வந்தார். "நஜ்மு, மேல வா. இது சங்கத்துட முடிவு."

"சங்கத்துல பொம்புளையள் ஒராளும் இல்ல, காக்கா. எங்களக் கேக்காம எடுத்த முடிவு எங்களக் கட்டுப்படுத்த ஏலாது."

"உண்ட உசிருக்குத்தான் செல்றன்."

"அப்ப நீங்களே வந்து பாருங்க. போன முறை நான் பிழை விட்ட. இண்டைக்கு உங்கட கையால பத்த வைங்க. அணைஞ்சா நானே வாரியப் புடிச்சி இழுத்துத் தாறன்."

கரையில் ஊரே நின்றது. முடியாது என்று சொல்ல அவரால் முடியவில்லை. சாரத்தை உயர்த்திக் கட்டிக்கொண்டு இறங்கினார். அவள் முதலில், சேற்றைக் கலக்கி எடுத்த போத்தலை நீட்டினாள். ஈர்க்குக்கு நெருப்பு வேண்டும். அவள் கொண்டுவந்த தீப்பெட்டி நனைந்து போயிருந்தது. கூட்டத்துக்குப் பின்னால் நின்ற நௌபர் காற்சட்டையோடு தண்ணீரில் இறங்கி வந்து, தன்னுடைய லைட்டரைக் கொடுத்தான். கொடுத்துவிட்டுக் கரைக்குத் திரும்பிப் போகாமல் அவளுக்குப் பக்கத்திலேயே நின்றான்.

சேற்றுப் போத்தலில் தணல் அணைந்தது. கூட்டத்தில் முணுமுணுப்பு எழும்பியது. அவள் அவசரப்படவில்லை. இது சேற்றுக் காற்று, அன்றைக்கு நீங்கள் பார்த்தது இதைத்தான் என்றாள். கறுப்புத் துணி போட்டிருந்த போத்தலைத் தூக்கிக் காட்டினாள். வெளிச்சம் படாத சாதாளை ஒன்றும் விடவில்லை என்று சொல்லி, தண்ணீரைக் கவிழ்த்து ஊற்றினாள். பிறகு வெயிலில் நின்ற போத்தலை அவர் கையில் கொடுத்தாள். ஜெமீல் தணல் ஈர்க்கை மெல்ல உள்ளே விட்டார். பக்கென்று சுவாலை எழும்பியது. அவர் கையை உதறினார். ஈர்க்கு தண்ணீரில் விழுந்தது.

"நீங்க இப்ப மூச்சு எடுக்கிறதும் இந்தக் காத்துத்தான்," என்றாள் அவள்.

ஜெமீல் வெறும் போத்தலை அவளிடம் திருப்பிக் கொடுத்தார். பிறகு தலையை உயர்த்தி, "சரி, விஷமில்லை எண்டே வெச்சிக்குவம். எண்ட படகு எப்புடி ஓடும்?" என்று கேட்டார்.

அவளுக்கு அந்தக் கேள்விதான் வேண்டியிருந்தது. "அத முதல்லயே கேட்டிரிக்கலாமே, காக்கா."

அன்று உழவு இயந்திரம் தண்ணீரில் இறங்கவில்லை. ஆனால் பெண்கள் அன்றே முழுவதையும் வென்றுவிட்டார்கள் என்று சொன்னால் அது பொய். பிறகு நடந்த பேச்சில் இறங்குதுறைக்குப் பக்கத்துச் சாதாளையைப் படகுகளுக்காக விட்டுக்கொடுக்க வேண்டி வந்தது. அது நல்ல மட்டி இருந்த இடம். அதை வாரி அள்ளியபோது நஜ்முன் நிஸா கரையில் நின்று கடைசிவரைக்கும் பார்த்தாள். கம்பு நட்டு ஒரு பாதை குறிக்கப்பட்டது. அந்தப் பாதையைத் தாண்டிப் படகு வரக்கூடாது என்று ஒப்பந்தம். கடல் வளங்களைப் பார்க்கிற அலுவலர் நிவேதிகா திருகோணமலையில் இருந்து வந்து, மட்டியையும் தண்ணீரையும் பரிசோதனைக்குக் கொண்டுபோனாள். மட்டியில் கோளாறு இல்லை என்று முடிவு வந்தது. சாதாளையும் இரவில் நம்மைப்போல நல்ல காற்றை எடுத்துக்கொள்ளும், வெக்கை நாட்களில் விடியற்காலையில் தண்ணீரில் காற்றுக் குறைந்து மீன் தவிக்கலாம் என்றும் அவள் சொன்னாள். அதைக் கேட்ட ஒருவர், பார்த்தாயா, சாதாளையிலும் குற்றம் இருக்கிறது என்றார். இருக்கட்டும், மனிதனிலும் இருக்கிறது, அதற்காக யாரும் உழவு இயந்திரம் பிடிப்பதில்லை என்று நஜ்முன் நிஸா பதில் சொன்னாள்.

லொறிக்காரர் திரும்பி வர மாதக்கணக்கானது. அதுவரைக்கும் பெண்கள் மட்டியைத் தலையில் சுமந்து, பஸ் ஏறி, தோப்பூர்ச் சந்தைவரைக்கும் கொண்டுபோய் விற்றார்கள். விஷ மட்டி என்று முகத்தைத் திருப்பியவர்களுக்கு முன்னால், அவள் சந்தையிலேயே அடுப்பு மூட்டி, மட்டியை அவித்துத் தானே தின்று காட்டினாள். அந்த வீடியோ இன்னும் முகநூலில் இருக்கிறது. அதற்குக் கீழே கிண்ணியா மட்டி தின்னாதீர்கள் என்று எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். அவள் பதில் எழுதுவதை இப்போது நிறுத்திவிட்டாள்.

நிறுத்தாதது ஒன்றுதான். ஒவ்வொரு மாதமும் சங்கக் கூட்டத்துக்கு அவளும் இராசமலரும் போகிறார்கள். கடலில் தொழில் செய்கிற பெண்களை உறுப்பினராகச் சேர்க்க வேண்டும் என்று கேட்கிறார்கள். சங்கத்தின் விதிகளை எழுதிய யாப்பில் இடமில்லை என்று செயலாளர் சொல்கிறார். ஒருமுறை கதிரை இல்லை என்றார்கள். இருவரும் வீட்டில் இருந்து கதிரை கொண்டுபோய்ப் போட்டுக்கொண்டு இருந்தார்கள். போன மாதம் ஜெமீல் அவர்கள் பக்கம் பார்க்காமலே, யாப்பைத் திருத்துவதைப் பற்றி அடுத்த கூட்டத்தில் பேசலாம் என்று வாய்க்குள் சொன்னாராம். உரக்கச் சொல்லுங்கள், பின்னால் கேட்கவில்லை என்றாள் நஜ்முன் நிஸா.